தெரியுதா, ஜிபார்?

ஜலாலாபாத் பஜாரில் பழைய சரக்குப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கடைகளாக்கியிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையின் கடைசிப் பெட்டி என்னுடையது. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன், நகல் எடுத்துக் கொடுப்பேன். அடுத்த பெட்டி தொக்தோசுனுடையது. மடிக்கணினி பழுதுபார்ப்பான். நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவன் அங்கே தும்மினால் நான் இங்கிருந்து நூறு வயசு என்பேன். இப்படிப் பதினோரு வருடம்.

எனக்குப் பொறுமை கிடையாது என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. போட்டோவுக்கு உட்காருகிற பெண்களிடம் "முடியை ஒதுக்கு, ரெண்டு காதும் தெரியணும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் தொக்தோசுன் விஷயத்தில் நான் பொறுமையாக இருந்தேன். இருக்கக் கூடாத இடத்தில் இருந்துவிட்டேன்.

அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாவது நிற்கட்டும் என்று அவன் அம்மா அந்த அர்த்தத்திலேயே பெயர் வைத்தாள். நன்றாகவே நின்றான். ஊரில் பாதிப் பேர் ரஷ்யாவுக்கும் கொரியாவுக்கும் கிளம்பிப் போன பிறகும் நின்றான். கடை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை மனைவியோடு ரஷ்யாவில் யெகாத்தரின்பூர்க் போனான். மூன்று வருடம் கழித்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தபோது மனைவி கூட வரவில்லை. அங்கேயே வேறொருவனோடு தங்கிவிட்டாள். அதைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது மொத்தம் ஒரு வாக்கியம்.

"அவளுக்கு அந்த ஊர்க் குளிர் பிடிச்சுப்போச்சு, எஜே."

என்னை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். என்னைவிட எட்டு வயது இளையவன். அம்மாவும் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வாடகை அறை, கடை, மறுபடி வாடகை அறை. மதியம் என் கெட்டிலில் தேநீர். இரண்டு சமோசாவுக்கு மேல் தின்ன மாட்டான். பேச்சும் அதே அளவுதான்.

அவனிடம் வருகிற மடிக்கணினிகளில் பாதி, கேமரா கெட்டுப்போய் வருகிறவை. வேறு எந்த உறுப்பு கெட்டாலும் ஜனங்கள் ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள். கேமரா என்றால் அன்றைக்கே ஓடி வருவார்கள். மாஸ்கோவில் இருக்கிற மகனுக்குக் குழந்தையின் முகத்தைக் காட்ட வேண்டும் இல்லையா? தொக்தோசுன் திறந்து பார்த்தால் பாதி நேரம் பழுதே இருக்காது. சமையல் மேஜையில் வைத்து மாவு அப்பியிருக்கும். கண்ணேறு படக் கூடாது என்று யாராவது மாமியார் மூலிகைப் புகையைக் கணினிக்கும் சேர்த்துப் போட்டிருப்பாள். லென்ஸ் முழுக்கக் கரி. அதையெல்லாம் துணியால் துடைத்துக் கொடுத்து, "பழுதே இல்ல, போங்க" என்று அனுப்பிவிடுவான். அந்த மாமியார்கள் போகும்போது அவனுக்கும் சேர்த்துத் துஆ செய்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் அவனுக்கு ஒரு விதி இருந்தது. எந்தக் கேமராவாக இருந்தாலும், எதிர்முனையில் உயிரோடு ஒரு ஆள் "தெரியுது" என்று சொன்னால்தான் வேலை முடிந்தது.

"நம்ம திரையில நம்ம மூஞ்சி தெரிஞ்சா போதாதாடா?" என்று கேட்டேன்.

"நம்ம மூஞ்சி நமக்குத் தெரியும், எஜே. அடுத்தவங்களுக்குப் போய்ச் சேருதான்னு அடுத்தவங்கதான் சொல்லணும்."

அந்த அடுத்தவள்தான் ஜிபார். மலைக்கு அந்தப் பக்கம், காசர்மானில், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் இங்கே வந்தபோது அவனிடம் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிப் போனாள். ஊர் போய்ச் சேர்ந்து, நன்றாக வேலை செய்கிறது என்று கணினியிலேயே கூப்பிட்டுச் சொன்னாள். வாங்கிய பொருள் நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தானாம். மறுநாள் ஒரு கேமராவைச் சோதிக்க யாருமில்லாமல் அவளைக் கூப்பிட்டான். நூலகத்தில் அவளும் தனியாகத்தான் இருந்தாள். எடுத்தாள்.

அதிலிருந்து ஆறு வருடம். தகரச் சுவர் வழியாக நான் கேட்ட பேச்சு முழுவதும் இவ்வளவுதான்:

"தெரியுதா, ஜிபார்?"

"தெரியுறீங்க, உஸ்தா."

"சரி. நன்றி."

பத்து வினாடி. வாரத்துக்கு மூன்று, நான்கு தடவை. கைத்தொழில் தெரிந்தவனை எங்கள் பக்கம் உஸ்தா என்பார்கள். அவள் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். ஒரு நாள் தேநீர் கொடுக்கிற சாக்கில் அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் அவள். நாற்பது வயது இருக்கும். சாந்தமான முகம். காது இரண்டும் வெறுமையாக இருந்தன. நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்க்கிறவள்.

"என்னடா, தோடு இல்ல?"

"புருஷன் வீட்டுல போட்ட தோட்டைக் கழற்றிக் கொடுத்துட்டு வந்தவங்க. கணினி வாங்க வந்தப்பவே சொன்னாங்க."

"அப்ப என்னத்துக்குடா காத்துக்கிட்டு இருக்க? வெறும் காது ரெண்டு உனக்காகக் கிடக்கு. போய்ப் போட்டுட்டு வா!"

"நானே போயா போட முடியும், எஜே? அம்மா இருந்திருக்கணும்."

அதுவும் உண்மைதான். எங்களில் பையனின் அம்மாவோ வீட்டு மூத்த பெண்ணோ போய்த் தோடு போட வேண்டும். போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரக் கூடாது. முதல் கல்யாணம், இரண்டாம் கல்யாணம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

"நான் செத்தா போயிட்டேன்? நான் வந்து போடுறேன்" என்றேன்.

சிரித்தான். "கணவாய் திறக்கட்டும்" என்றான். காசர்மானுக்கு இங்கிருந்து போகிற மலைக் கணவாய் நவம்பரில் பனியில் மூடும், மே கடைசியில் திறக்கும். அந்த வருடம் திறந்தது. மூடியது. அடுத்த வருடமும் திறந்து மூடியது. மூன்று கோடை போயிற்று. ஒவ்வொரு மூடலுக்கும் நான் திட்டுவேன், அவன் சின்னத் திருகாணிகளை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் பேச்சு பத்து வினாடியில் முடியவில்லை.

"தெரியுதா, ஜிபார்?"

"நீங்க தெரியுறீங்க, உஸ்தா. நான் தெரியுறேனா?"

"இல்லையே. கறுப்பா இருக்கு."

"அப்ப கேமரா கெட்டுப்போச்சு போல."

"அணைச்சுட்டு மறுபடி போடுங்க. நான் இருக்கேன். எப்படி இருக்கீங்க, ஜிபார்?"

அவள் அணைத்துப் போடுகிற வரை காத்திருந்தான். கறுப்புதான். மறுநாள் மேல்வரிசைப் பொத்தான்களில் கேமரா படம் போட்டது எது என்று தேட வைத்தான். அதற்கு மறுநாள் அனுமதிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னான்.

"சாதனப் பட்டியல்ல கேமரா பேர் இருக்கா?"

"இருக்கு."

"பக்கத்துல மஞ்சள் முக்கோணம்?"

"இல்ல."

"மேல சின்ன விளக்கு எரியுதா?"

"எரியுது, உஸ்தா."

"சரி... டிரைவரை அழிச்சுட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம். அது இறங்க நேரமாகும். அங்க பனி விழுதா?"

இறங்குகிற நேரத்தில்தான் எல்லாப் பேச்சும் நடந்தது. நூலகத்துக்குப் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் உட்காரத்தான் வருகிறார்கள், புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லை என்று அவள் சொன்னாள். யெகாத்தரின்பூர்க்கில் நான்காவது மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அவன் சொன்னான். எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்ன கதையை அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நூருஸ் பண்டிகை அன்று பஜாரே மூடிக் கிடந்தது. மறந்துவைத்த பணப்பையை எடுக்க நான் வந்தால், இவன் பெட்டியைத் திறந்து உட்கார்ந்து, "இன்னொரு செயலியில பார்ப்போமா, ஜிபார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மே மாதத்தில் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன்டா, மூணு மாசமா ஒரு கேமராவைச் சரிபண்ண முடியலையா? நீயெல்லாம் ஒரு உஸ்தா! அதுவும் உன் சோதனைக்கு அவ மூஞ்சி எதுக்கு? நீ அவளுக்குத் தெரிஞ்சா போதுமே."

அவன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அது கெடவே இல்ல, எஜே."

"என்ன?"

"செத்த கேமரா கறுப்பு காட்டாது. கேமரா இல்லைன்னு எழுத்து வரும். இது விளக்கெரியுது, பேர் இருக்கு, எல்லாம் இருக்கு. பதினோரு மணிக்கு அவங்க ஜன்னல்ல வெயில் வரும்போது கறுப்பு லேசா சிவப்பாகுது. மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்காங்க. காயத்துக்கு ஒட்டுறது."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே."

"அடப்பாவி! அப்புறம் எதுக்கு டிரைவர், பொத்தான், மண்ணாங்கட்டின்னு?"

"கேமரா நல்லா இருந்தப்ப பத்து வினாடி பேசினோம், எஜே. கெட்டதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பேசுறோம்." காது சிவக்கச் சொன்னான்: "அவங்களும் அதுக்குத்தான் ஒட்டியிருக்காங்க."

நாற்பத்து நான்கு வயது ஆளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஒரு பெண் எதற்காக முகத்தை மறைப்பாள் என்று இன்னொரு காரணத்தை நான் யோசிக்கவே இல்லை. திருகாணிப் பெட்டியின் கடைசிக் குழியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அவன் அம்மாவின் தோடு. வெள்ளி, நடுவில் பவளம்.

"வருவீங்களா, எஜே?"

"இப்பவே கிளம்பறேன், போடா" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கணவாய் திறந்த செய்தி வந்த அன்றே அவளைக் கூப்பிட்டு, புதுக் கேமரா உறுப்பு வந்திருக்கிறது, நேரில் வந்து மாற்றித் தருகிறேன் என்றான்.

"வேண்டாம், உஸ்தா. இதுக்காக அவ்வளவு தூரமா? பாதை வேற சரியில்ல. அவசரமே இல்ல" என்றாள் அவள்.

"கூச்சப்படுறா" என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பகிர்வு ஜீப்பில் போனோம். மேலே பாதையின் இரண்டு பக்கமும் பனி ஆளுயரத்துக்கு வெட்டி வைத்திருந்தது. தொக்தோசுன் புதுச் சட்டை போட்டிருந்தான். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தான், நான்தான் பல்லால் கடித்து எடுத்தேன். இறக்கத்தில் டிரைவர் ஒரு மேய்ப்பர் கூடாரத்தருகே நிறுத்த, எல்லாரும் குதிரைப்பால் குடித்தோம். தொக்தோசுன் மட்டும் வாய் நாறும் என்று தொடவில்லை. என் கைப்பையில் வெள்ளைத் துணியில் சுற்றிய தோடு, ஒரு பெட்டி மிட்டாய், என் கையால் சுட்ட ரொட்டி. வழி முழுக்க அவள் காதில் எப்படிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று போட்டுவிடுவது என்று நான் ஒத்திகை பார்த்தேன்.

நூலகம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். ஜிபார் வாசலிலேயே நின்றாள். திரையில் பார்த்ததைவிட உயரம். தலைத்துணியை நெற்றி வரை இறக்கி, காது மூட இறுக்கிக் கட்டியிருந்தாள். வெயில் காலத்தில் எதற்கு இப்படி என்று எனக்குள் ஏதோ தட்டியது.

"வாங்க எஜே. வாங்க உஸ்தா. களைச்சுப் போயிருப்பீங்க" என்றாள். அவனைப் பார்க்கவில்லை.

அவன் மேஜைக்குப் போய்ப் பையைத் திறந்தான். தேநீர் போட அவள் பக்கத்து அறைக்குப் போனாள். இதுதான் சமயம் என்று கைப்பையோடு நானும் போனேன். கெட்டிலை எடுக்க அவள் குனிந்தபோது துணி விலகியது. தங்கத் தோடு. புதுசு.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எப்ப?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "பிப்ரவரியில. சுரங்கத்துல லாரி ஓட்டுறவர். பெண்டாட்டி செத்துப்போச்சு அவருக்கு. அவங்க அம்மா வந்து கேட்டாங்க. யாராவது ஒருத்தர் வந்து கேட்டாங்களேன்னு சரின்னுட்டேன். அடுத்த மாசம் கல்யாணம்."

"இவன்கிட்ட சொல்லியிருக்கலாமே! மூணு மாசமா..."

"சொல்லத்தான் நினைச்சேன், எஜே. தோடு போட்ட மறுநாள் கூப்பிட்டார். எடுக்கிறதுக்கு முன்னால கை தானா போய்ப் பிளாஸ்திரியை ஒட்டிடுச்சு. பார்த்துட்டா இனிமே கூப்பிட மாட்டார்னு பயம்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆறு வருஷம் அவர் தெரியுதா, தெரியுதான்னுதான் கேட்டார். எப்படி இருக்கீங்க ஜிபார்னு முதல்முறை கேட்டதே அன்னிக்குத்தான். கேமரா கெட்டுப்போச்சுன்னதும் கேட்டார். ஒரு வாரம் முந்திக் கேட்டிருந்தா..."

போட்ட தோட்டைக் கழற்றச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒரு தடவை கழற்றிக் கொடுத்தவளிடம் இன்னொரு தடவை கழற்று என்று எந்த வாயால் சொல்வது? மூன்று கோடையை வெறுமனே திட்டிக் கழித்த வாய் இது. அவன் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை.

ஜிபார் தலைத்துணியை அவிழ்த்தாள். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தேநீர்த் தட்டோடு முன்னறைக்கு நடந்தாள்.

தொக்தோசுன் நிமிர்ந்தான். ஆறு வருடமாகப் பார்த்த முகம், அதனால் முகத்தைத்தான் முதலில் பார்த்தான். பிறகு காதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

அவன் கணினிப் பக்கம் குனிந்தான். மூடியின் மேல் ஓரத்தில் தோல் நிறத்தில் சின்னதாக ஒரு துண்டு பிளாஸ்திரி, ஓரமெல்லாம் அழுக்கேறி ஒட்டியிருந்தது. நகத்தால் மெதுவாக உரித்தான். பசையைத் துணியால் துடைத்தான், மாவு அப்பிய கேமராவைத் துடைக்கிற அதே துணி.

"தூசி படிஞ்சிருந்துச்சு" என்றான். "துடைச்சுட்டேன். பழுதே இல்ல."

"நன்றி, உஸ்தா" என்றாள் ஜிபார்.

"சோதிச்சுப் பார்க்கணும். எஜே, உங்க போனை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க."

நடைகூடத்துக்குப் போனேன். போன் அடித்தது. திரையில் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். மேஜையில் அவள், தோள் பின்னால் குனிந்து அவன். இரண்டு பேரையும் ஒரே படத்தில் பார்த்தது அப்போதுதான். இரண்டு காதும், தோடும், அவன் சட்டைக் காலரும் அவ்வளவு தெளிவு. படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். எடுக்கவில்லை.

"தெரியுதா, எஜே?"

"தெரியுதுடா" என்றேன். எனக்கு அழுகை வந்து போனைத் திருப்பிக்கொண்டேன்.

தேநீர் குடித்தோம். என் ரொட்டியைப் பிய்த்து அவள் எங்களுக்கே வைத்தாள். மிட்டாய்ப் பெட்டியைக் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்தேன். வேறென்ன செய்ய? திரும்புகிற வழியில் அதே கூடாரத்தில் தொக்தோசுன் குதிரைப்பால் மூன்று கிண்ணம் குடித்தான். உச்சிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வெளிச்சத்தைச் சரியாத்தான் படிச்சேன், எஜே. காரணத்தைத்தான் தப்பா படிச்சுட்டேன்."

பாதித் தப்புதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அவனுக்கு இன்னும் வலிக்கும் என்று விழுங்கினேன். தோட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும், எஜே" என்றான்.

அதன் பிறகு அவன் காசர்மானைக் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் கேமரா கெட்ட கணினி ஒன்றைக் கொண்டு வந்தாள். மகன் கொரியாவில் இருக்கிறானாம். தொக்தோசுன் பிரித்து, உறுப்பு மாற்றி, மூடினான். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெண், "முடிஞ்சுதா, உஸ்தா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

என் மேஜையில் இருந்த கணினி அடித்தது. எடுத்தேன். ஒரு தகரச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவன் திரையில் இருந்தான். முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவன் குரல் முதலில் சுவர் வழியாகவும் அப்புறம் கணினி வழியாகவும் இரண்டு தடவை வந்தது.

"தெரியுதா, எஜே?"

"தெரியுது" என்றேன். "எப்படி இருக்க, தொக்தோசுன்?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வினாடி தாண்டிப்போயிற்று. போட்டோவுக்கு ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டியபடி காத்திருந்தாள். நான் துண்டிக்கவில்லை.